துருப்பிடித்த தகரத்தில் புட்டி நிற்கவில்லையா? கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிப்போம்

ஹட்டனுக்கு மேலே, காலை ஒன்பது மணிக்கும் பனிமூட்டம் வாசலை விட்டுப் போகாத ஒரு தோட்டத்தில்தான் நான் தகர வேலை பழகினேன். வேன் கதவு, முச்சக்கரவண்டியின் தரை, லயத்துக் கூரையின் பீலி, தண்ணீர் மோட்டருக்குப் போட்ட மூடி என்று எபொக்சி புட்டி, அதாவது குழியையும் பள்ளத்தையும் நிரப்பிக் கல்லாக இறுகும் பசை, வைத்த இடங்கள் நிறைய. ஆரம்பத்தில் வைத்ததில் பாதி, அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் விழுந்துவிட்டது. விழுந்த துண்டு ஒவ்வொன்றையும் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது. பின்பக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால் துரு சரியாக எடுபடவில்லை, கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தால் தகரத்தைச் சொரசொரப்பாக்கவில்லை, பிசுபிசுப்பாக இருந்தால் குளிரில் இறுகவில்லை. புட்டியே கெட்டுப்போயிருந்தது என்று நான் கண்டது மிகக் குறைவு. பெரும்பாலும் குழிக்குள் தங்கிய துரு, இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரம், இல்லாவிட்டால் குளிர். மலைநாட்டில் இந்த மூன்றும் சேர்ந்தே வரும், அதனால்தான் கொழும்பில் ஒருவர் செய்கிற அதே வேலை நம்மிடம் நிற்பதில்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். கராஜ்களில் கேட்டலோய் என்று சொல்லி, சிறிய டியூப்பில் வரும் சிவப்புப் பசையை ஒரு துளி கலந்து பூசுகிறார்களே, அது பாலியெஸ்டர் புட்டி. நான் பேசுவது எபொக்சி. பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் ஏறக்குறைய சம அளவில், இரண்டு டின்னிலோ இரண்டு டியூப்பிலோ வரும், அல்லது கையால் பிசையும் குச்சியாக வரும். பாலியெஸ்டர் அரை மணியில் இறுகும், தேய்க்கவும் இலகு, ஆனால் அதில் நிறையக் கல்மாவு இருப்பதால் ஈரத்தை உறிஞ்சும். வெறும் இரும்பின் மேல் அதை வைத்து, பெயிண்ட் அடிக்காமல் ஒரு மழையில் விட்டால், அது தண்ணீரைத் தகரத்தின் மேலேயே பிடித்து வைத்திருக்கும். எபொக்சி மெதுவானது, தேய்க்கக் கடினமானது, விலையும் கூட, ஆனால் தண்ணீரை அவ்வளவு விடாது. குழி விழுந்த தகரத்துக்கு, அதுவும் இங்கே, எபொக்சிதான் என் தேர்வு.

சரி, கோளாறுகளுக்கு வருவோம்.

ஆறு மாதத்தில் பெயிண்ட் கொப்பளித்து எழும்புகிறது

அதிகம் பேர் கேட்பது இதுதான், சரியாகச் செய்ய அதிக நேரம் எடுப்பதும் இதுதான். கொப்பளத்தை ஒரு கத்தி நுனியால் உடைத்துப் பாருங்கள். உள்ளே பழுப்புத் தூள் இருந்தால் துரு வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், அந்த வீக்கம்தான் புட்டியையும் பெயிண்டையும் மேலே தள்ளுகிறது.

எல்லோரும் கிரைண்டரில் கம்பிச் சில்லை மாட்டி, தகரம் பளபளக்கும் வரை ஓட்டுவார்கள். அந்தப் பளபளப்பை நம்பாதீர்கள். கம்பிச் சில்லு மேட்டைத் துடைக்கும், குழிக்குள் இறங்காது. குழியில் இருக்கும் துருவை அழுத்தி மெருகேற்றி, கருப்பாக மின்னும்படி ஆக்கிவிடும், பார்த்தால் இரும்பு மாதிரியே இருக்கும். ஒரு டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்து, கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் அதையும் வைத்து, குழிகளுக்குள் பாருங்கள். சாம்பல் நிறம் தெரிந்தால் இரும்பு. கருப்புப் புள்ளியோ பழுப்புப் புள்ளியோ தெரிந்தால் துரு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கூர்மையாக்கிய உறுதியான ஆணியால் ஒவ்வொரு குழியாகக் குத்திச் சுரண்ட வேண்டும். ஒரு உள்ளங்கை அளவு இடத்துக்கு எனக்கு ஒரு மணி நேரம் போயிருக்கிறது. மணல் அடித்துத் தரும் பட்டறை பக்கத்தில் இருந்தால் கழற்றக்கூடிய பாகத்தை அங்கே கொடுத்துவிடுவது நல்லது, குழிக்குள் இறங்கிச் சுத்தம் செய்ய அதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஆனால் மெல்லிய தகரத்தில் அதிக அழுத்தத்தில் அடித்தால் தகரம் நெளிந்துவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சுரண்டிய பிறகு மிஞ்சுவதற்கு பொஸ்போரிக் அமிலம் கலந்த துரு நீக்கி. அது துருவை இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றும். போத்தலில் எழுதியிருக்கும் நேரம் வரை அதை ஈரமாகவே வைத்திருங்கள், காய்ந்து போக விடாதீர்கள். அப்புறம் நல்ல தண்ணீரால் கழுவி உடனே, சூடான காற்று அடித்து உலர்த்துங்கள். இங்கேதான் நிறையப் பேர் தவறுவது: அமிலத்தின் மிச்சம் இருந்தால் எபொக்சி அந்த இடத்தில் ஒழுங்காக இறுகாது, பிடிக்கவும் பிடிக்காது. அமிலம் கலந்த எட்ச் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிட்டு அதன் மேல் புட்டி வைப்பதும் இதே காரணத்தால் தோற்கும். கழுவியதும் ஒரு மெல்லிய மஞ்சள் பூச்சு போலத் துரு திரும்ப வந்தால் பயப்பட வேண்டாம், தண்ணீர் நின்ற நேரம் கொஞ்சம் கூடிவிட்டது, 80 நம்பர் மணல் தாளால் தேய்த்தால் போய்விடும்.

துருவைக் கருப்பாக மாற்றும் இன்னொரு வகை மருந்தும் கடையில் உண்டு, அதில் இருப்பது டானிக் அமிலம். இரும்புச் சட்டியில் தேயிலைச் சாயம் கொதித்தால் கருத்துப்போவதைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதே வகை வேதியியல்தான். அதற்காகச் சாயத்தை ஊற்றித் துருவை மாற்றலாம் என்று நினைக்காதீர்கள், அவ்வளவு வலு அதில் இல்லை. அந்த மருந்தும் மெல்லிய துருவுக்குத்தான் உதவும். குழிக்குள் அடுக்கடுக்காகக் கிடக்கும் துருவின் மேல்தோலை மட்டும் கருப்பாக்கிவிட்டு, அடியில் இருப்பதை அப்படியே விட்டுவிடும்.

உரம் ஏற்றிய வண்டி என்றால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. கடல் எங்கேயோ இருக்க, மலையில் ஓடும் டிராக்டர் பெட்டியும் லொறித் தட்டும் ஏன் இப்படிக் குழி குழியாக அரிபடுகின்றன என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். தேயிலைக்குப் போடும் உரக் கலவையில் பொட்டாசியம் குளோரைட் இருக்கிறது. குளோரைட் உப்புதான் இரும்பில் குழி தோண்டுவதில் முதல் ஆள், கடற்கரைக் காற்று செய்வதும் அதையேதான். அந்த உப்பு குழியின் அடியில் தங்கி, மூட்டத்தில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தேய்க்கத் தொடங்கும் முன் நல்ல தண்ணீரும் தும்பு பிரஷும் வைத்து மூன்று நான்கு தடவை கழுவுங்கள், ஒவ்வொரு தடவையும் காயவிட்டுத் திரும்பக் கழுவுங்கள். இதைச் செய்யாமல் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்து, அடுத்த வருடம் அதே இடத்தில் கொப்பளம் வந்த லொறித் தட்டு ஒன்று எனக்குத் தெரியும்.

இவ்வளவும் செய்தும் கொப்பளம் வருகிறதா, அப்படியானால் துரு பின்பக்கத்திலிருந்து வருகிறது. வேன் கதவின் அடிப்பாகத்தை வெளியே எத்தனை முறை அழகாக்கினாலும், உள்ளே தண்ணீர் தேங்கினால் பயன் இல்லை. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

மூன்று நாளாகியும் புட்டி இறுகவில்லை

விரலால் தொட்டால் பிசின் மாதிரி ஒட்டுகிறதா, அல்லது இறப்பர் மாதிரி அமுங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ஓரிடத்தில் கல்லாகவும் பக்கத்தில் ஈரமாகவும் இருந்தால் கலவை ஒழுங்காகக் கலக்கவில்லை. எல்லா இடமும் ஒரே சீராக மென்மையாக இருந்தால் இரண்டு காரணம்தான்: அளவு பிழை, அல்லது குளிர்.

அளவில் ஒரு பொதுவான தவறு உண்டு. பாலியெஸ்டருக்குப் பழகிய கை, சீக்கிரம் இறுகட்டும் என்று எபொக்சியிலும் ஹார்ட்னரைக் கூட்டிப் போடும். பாலியெஸ்டரில் அந்தச் சிவப்புப் பசை வினையைத் தூண்டிவிடும் பொருள், ஆகவே கொஞ்சம் கூட்டிக் குறைக்க இடம் இருக்கிறது. எபொக்சியில் பிசினும் ஹார்ட்னரும் ஒன்றோடு ஒன்று கைகோத்துத்தான் கெட்டியாகின்றன. கூடிப்போன ஹார்ட்னருக்குக் கைகோக்க ஆள் இல்லை, அது உள்ளேயே மென்மையாகத் தங்கிவிடும். பெட்டியில் 1:1 என்றால் 1:1 தான், எடையிலா கன அளவிலா என்பதையும் படியுங்கள். இரண்டு கரண்டி வைத்துக்கொள்ளுங்கள், ஒரே கரண்டியை இரண்டு டின்னிலும் விடாதீர்கள். இரண்டுக்கும் நிறம் வேறு வேறாக இருப்பதே நமக்காகத்தான், கோடு எதுவும் இல்லாமல் ஒரே நிறமாகும் வரை, தட்டின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும்.

இனிக் குளிர். பெட்டியில் ‘24 மணி நேரம்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 25 பாகைக்கு எழுதியது. வெப்பம் 10 பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவில்தான். தை மாத இரவுகளில் புல்லில் உறைபனி விழுகிற இடம் அது. அங்கே மாலையில் புட்டி வைத்துவிட்டு, காலையில் தேய்க்கலாம் என்று நினைத்தால் நடக்காது. சாதாரண எபொக்சி பலவற்றில் வினை 10 பாகைக்குக் கீழே கிட்டத்தட்ட நின்றே போகும். அதிலும் காற்றைவிடத் தகரம் இன்னும் சீக்கிரம் குளிரும், தெர்மாமீட்டர் 12 காட்டும்போது வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பொனட் 8க்குப் போயிருக்கும்.

குளிர்தான் காரணம் என்றால் உடனே சுரண்டி எறிய வேண்டாம். அளவு சரியாக இருந்திருந்தால் சூடு கொடுத்ததும் வினை திரும்பத் தொடங்கி இறுகிவிடும். ஹெயார் டிரையர், அல்லது பழைய ஹலஜன் விளக்கை இரண்டு அடி தள்ளி வைத்துக் காட்டுங்கள், கையை வைத்தால் இதமாக இருக்கும் சூடு போதும். ஒரு நாள் முழுக்கக் காட்டியும் மாற்றம் இல்லையென்றால் அளவில்தான் பிழை. அப்போது வேறு வழியே இல்லை, மொத்தமும் வழித்து எடுத்து, தின்னர் போட்டுத் துடைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இறுகாத புட்டியின் மேல் புதிதாக ஒரு பூச்சு போட்டு மறைக்காதீர்கள். அதன் மேல் பாலியெஸ்டர் போட்டால் இன்னும் மோசம், இறுகாத எபொக்சியிலிருக்கும் ஹார்ட்னர் பாலியெஸ்டரையும் இறுக விடாது.

சூடு கொடுக்கும் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தணல் சட்டியோ மண்ணெண்ணெய் அடுப்போ கேஸ் அடுப்போ பக்கத்தில் வைத்துச் சூடாக்காதீர்கள். மூடிய அறையில் தணல் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தில் தின்னர் டின் இருந்தால் தீயும் பிடிக்கும். இதெல்லாம் போக, எரியும் நெருப்பு நீராவியையும் கரியமில வாயுவையும் விடும், அவை இரண்டும் அடுத்து வரும் கோளாறை நேரே கூட்டிக்கொண்டு வரும்.

இறுகிவிட்டது, ஆனால் மேலே மெழுகு பூசியது போல வழுக்குகிறது

இது மலைநாட்டுக்கே உரிய கோளாறு என்று சொல்லலாம். ஹார்ட்னரில் இருக்கும் அமீன் என்ற இரசாயனம், குளிரும் ஈரமுமான காற்றில் மெதுவாக இறுகும்போது, மேலே வந்து காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் சேர்ந்து ஒரு மெழுகுப் படலமாகப் படியும். சில நேரம் வெள்ளையாகத் தெரியும், பல நேரம் கண்ணுக்கே தெரியாது. இதன் மேல் பெயிண்ட் அடித்தால் பெயிண்ட் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகி ஓடும், அல்லது ஒரு மாதத்தில் உரிந்து வரும்.

மருந்து மிக மலிவு: இளஞ்சூட்டுத் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். அந்தப் படலம் தண்ணீரில் கரையும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மட்டும் தாளை எடுங்கள். முதலே தேய்க்கத் தொடங்கினால் தாள் உடனே அடைத்துக்கொள்ளும், மெழுகையும் கீறல்களுக்குள் திணித்துவிடுவீர்கள். தின்னர் துணியால் துடைத்தாலும் இங்கும் அங்கும் பூசுவதுதான் நடக்கும். எனக்கு இது தெரிய இரண்டு வருடம் ஆனது, அதுவரை பெயிண்டைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஒரு பூச்சின் மேல் இன்னொரு பூச்சு போடுவதாக இருந்தாலும், முதல் பூச்சு இறுகி ஒரு நாள் தாண்டியிருந்தால் இதே கழுவல், பிறகு 80 நம்பர் தாள், பிறகு அடுத்த பூச்சு.

பாளமாகக் கழன்று விழுகிறது

விரல் நகத்தால் நெம்பினால் பிஸ்கட் மாதிரி முழுசாக வந்துவிட்டால், புட்டி தகரத்தில் ஒருபோதும் பிடிக்கவே இல்லை. பின்பக்கம் வழுவழுப்பு என்றால் தகரத்தைப் போதுமான அளவு கீறவில்லை. 40 அல்லது 60 நம்பர் தாளால், பல திசையில், கண்ணுக்குத் தெரியும் கீறல் விழ வேண்டும். எண்ணெய்த் துடைப்பு தேய்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. முன்னால் துடைக்காவிட்டால் எண்ணெயையும் சேர்த்துத் தேய்த்துத் தகரத்துக்குள் ஏற்றுவீர்கள். தின்னர் நனைத்த துணியால் துடைத்ததும், அது காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

பின்பக்கத்தில் ஊசி முனை அளவு துளித் தடங்கள் தெரிந்தால் அது பனி. காலையில் தகரம் குளிர்ந்திருக்க, வெயில் வந்து காற்று மட்டும் சூடாகும்போது கண்ணுக்குத் தெரியாத ஈரம் தகரத்தில் படியும். இரும்பின் வெப்பம் பனிபடு நிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பத்தைவிட)க் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலைக்காரர்களின் கணக்கு. கருவி இல்லாவிட்டாலும் இதைச் சோதிக்கலாம். ஈரத்துணியால் தகரத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் கோடு காய்ந்துவிட்டால் வேலையைத் தொடங்கலாம். காயாமல் நின்றால் அன்றைக்குத் துரு சுரண்டும் வேலையை மட்டும் பாருங்கள்.

இதனால்தான் நான் எபொக்சி வேலையைக் காலையில் தொடங்குவதில்லை. பத்தரை, பதினொன்றுக்குப் பிறகு, தகரத்தைக் கையால் தொட்டுப் பார்த்து. வருடத்தில் எந்த மாதம் என்று கேட்டால், தேயிலையைப் பாருங்கள். ஹட்டன், தலவாக்கலை, திம்புள்ளைப் பக்கம் தரமான தேயிலை வருவது தையிலிருந்து பங்குனி வரை, காய்ந்த காற்று வீசும் காலம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் அது ஆடி, ஆவணி. கொழுந்துக்கு வாசம் கூடும் அந்த வறண்ட காற்றுதான் புட்டிக்கும் நல்லது. நம்முடைய பக்கம் தையில் இரவு மட்டும் குளிரும் என்பதால் வைத்த இடத்தைச் சாக்கும் பழைய கம்பளியும் போட்டு மூடி வைப்பேன், புட்டியில் படாமல்.

நாகம் (துத்தநாகம்) பூசிய கூரைத் தகரத்தில் பாளம் கழன்றால் காரணம் வேறு. புதிய தகரத்தின் மேல் எண்ணெய்ப் பூச்சோ வேறு பாதுகாப்புப் பூச்சோ இருக்கும், சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, லேசாக மட்டும் சொரசொரப்பாக்குங்கள். நாகத்தை முழுதாகத் தேய்த்து எடுத்துவிட்டால் தகரத்தைத் துருவிலிருந்து காத்த ஒரே பொருளை நீங்களே நீக்கியதாகிவிடும். துரு ஏறிய இடத்தில் மட்டும் இரும்பு வரை போங்கள்.

தேய்க்கும்போது ஊசித்துளைகள் வருகின்றன

காற்று. கலக்கும்போது முட்டை அடிப்பது மாதிரி அடித்தால் காற்று ஏறும், அமுக்கித் தேய்த்துக் கலக்குங்கள். குழிகளின் மேல் ஒரேயடியாகத் தடிமனாக வைத்தால் குழியின் அடியில் காற்று அடைபட்டிருக்கும். முதல் பூச்சைத் தாள் போல மெல்லியதாக, பிளேட்டைச் செங்குத்தாகப் பிடித்து, பலமாக அழுத்தி, நான்கு திசையிலும் இழுங்கள். நான் இன்னும் ஒரு படி போவேன்: முதல் மெல்லிய பூச்சை வைத்த உடனே, அது ஈரமாக இருக்கும்போதே, சிறிய கம்பி பிரஷால் தகரத்தோடு சேர்த்துத் தேய்ப்பேன். அப்படிச் செய்தால் புதிதாகக் கீறப்படும் இரும்பு காற்றைப் பார்க்காமலே எபொக்சியைத்தான் பார்க்கும். படகு வேலை செய்பவர்கள் இதை வழக்கமாகச் செய்கிறார்கள். அந்தப் பூச்சு பிசுபிசுக்கும் நிலைக்கு வந்ததும் நிரப்பும் பூச்சு.

வெயில் ஏறிக்கொண்டே போகும் நேரத்தில் வைத்தாலும் துளை வரும், குழிக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரப் பார்க்கும். வெயில் உச்சி தாண்டி இறங்கத் தொடங்கும் நேரம் நல்லது, ஆனால் இறுக இரவுக் குளிருக்கு முன் சில மணி நேரம் இருக்க வேண்டும். பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை என்று நான் வைத்திருக்கிறேன்.

தேய்க்கத் தேய்க்க ஓட்டை பெரிதாகிறது

நிறுத்துங்கள், யோசியுங்கள். வாகனத் தகரம் புதிதாகவே 0.7, 0.8 மில்லிமீட்டர்தான். குழி 0.4 ஆழம் என்றால் பாதித் தகரம் போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள், நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும், அரிபட்டது பொத்தென்று ஒலிக்கும். நுனியால் அழுத்தினால் உள்ளே போகிறதா, அந்த இடம் இனித் தகரம் கிடையாது. இருட்டில் உள்ளே ஒரு டோர்ச்சை வைத்து வெளியே நின்று பார்த்தால் எத்தனை புள்ளி என்று எண்ணிவிடலாம்.

ஊசிமுனை ஓட்டைகள் ஒரு சில, பாரம் தாங்காத இடம், அப்படியானால் பின்பக்கம் ஃபைபர் துணியை எபொக்சியில் நனைத்து ஒட்டி, அது இறுகிய பிறகு முன்பக்கம் புட்டி. விரல் நுழையும் ஓட்டை என்றால் புட்டியை மறந்துவிடுங்கள். நல்ல தகரம் தெரியும் வரை வெட்டி எடுத்து, புதுத் துண்டு வெட்டி, டின்கரிங் பாஸிடம் கொடுத்து வெல்டிங் போட்டு வாருங்கள், அந்த மூட்டை மட்டமாக்கப் புட்டி வைக்கலாம். செய்தித்தாளையும் கம்பி வலையையும் அடைத்து அதன் மேல் புட்டி பூசிய கதவு ஒன்று என் கைக்கு வந்தது. அந்தத் தாள் ஒரு மழைக்காலம் முழுவதும் ஈரமாகவே இருந்து, நல்ல தகரத்தையும் சேர்த்துத் தின்றிருந்தது.

பாரம் தாங்கும் இடத்தில் எந்த எபொக்சியும் வேண்டாம். செஸி என்ற அடிச்சட்டம், கதவின் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, சீட் பெல்ட் பூட்டும் இடம், ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் பூட்டும் இடம், முச்சக்கரவண்டியில் முன் ஃபோர்க் வந்து சேரும் இடம். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் அடுத்து அதை ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. கினிகத்தேனை இறக்கத்திலோ ரம்பொடை வளைவிலோ பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, என் சொந்த மாமா கேட்டபோதும் வைத்துக் கொடுக்கவில்லை.

ஓரத்தில் விரிசல் விழுகிறது

அசையும் தகரம். பொனட்டின் நடுப்பகுதி, கூரைத் தகரத்தின் நீண்ட துண்டு, இவை சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும், காற்றில் துடிக்கும். எபொக்சி அவ்வளவு வளையாது. தடிமனைக் குறையுங்கள், பள்ளத்தை முடிந்தவரை சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் புட்டி வையுங்கள், ஓரத்தை ஒரு அங்குலமாவது நீட்டி மெலிதாக்குங்கள். கூரையில் ஆணி ஓட்டையைச் சுற்றி விரிசல் வந்தால் அங்கே எபொக்சியே பொருத்தம் இல்லை, இறப்பர் வொஷர் போட்ட புது ஆணியும் வளைந்து கொடுக்கும் சீலன்ட்டும்தான்.

கலக்கும்போதே சூடேறிக் கெட்டியாகிறது

ஒரே கோப்பையில் நிறையக் கலந்தீர்கள். வினையே சூட்டை விடும், குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வினையை இன்னும் விரட்டும். தட்டையான ஓட்டுத் துண்டிலோ பிளாஸ்டிக் பலகையிலோ பரப்பிக் கலக்குங்கள், பத்து நிமிடத்தில் பூசி முடியும் அளவு மட்டும். குளிர் நாளில் டின்னை வெந்நீரில் வைத்து இளக்கியிருந்தால் நேரம் இன்னும் குறையும், அதையும் கணக்கில் எடுங்கள்.

பெயிண்ட் அடித்த பிறகு புட்டியின் ஓரக்கோடு தெரிகிறது

அவசரம். மேலே இறுகியதும் தேய்த்து, உள்ளே இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போது பெயிண்ட் அடித்தால் கோடு எழும்பும். இங்கே நான் குறைந்தது ஒரு வாரம் விடுகிறேன். 80, 180, 320 என்று படிப்படியாக, கட்டையில் சுற்றிய தாளால் தேய்த்து, பிறகு பிரைமர். எபொக்சியை வெயிலில் வெறுமனே விடாதீர்கள், வெயில் பட்டால் மஞ்சளித்துச் சுண்ணாம்பு மாதிரி மாவாகும். சைலன்சர், புகைக்கூடு மாதிரிச் சூடாகும் இடத்திலும் சாதாரண எபொக்சி இளகிப்போகும். குடிதண்ணீர்த் தாங்கியின் உட்பக்கத்திலும், தேயிலை ஸ்டோரில் கொழுந்தோ தூளோ படும் தகரத்திலும், உணவுக்கென்று குறிப்பிட்டு விற்கும் வகை தவிர வேறெதையும் வைக்கக் கூடாது.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். இறுகாத எபொக்சி தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரும், ஒரு தடவை வந்தால் அப்புறம் வாசனைக்கே கை அரித்துத் தடிக்கும், வாழ்நாள் முழுக்க. கையுறை போடுங்கள், நைட்ரைல் கையுறை நல்லது. கையில் பட்டதைத் தின்னரால் கழுவாதீர்கள், தின்னர் அதைத் தோலுக்குள் கொண்டுபோகும், துணியால் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போடுங்கள். தேய்க்கும் தூசுக்கு முகக்கவசம், கிரைண்டருக்குக் கண்ணாடி, கம்பிச் சில்லிலிருந்து கம்பி பறந்து வரும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே இஸ்தோப்பில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் காய்ந்த தூசாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், கழுவிய தண்ணீரையும் பீலிப் பக்கம் விடாதீர்கள்.

எல்லாம் சரி, ஆனால் அதே இடம் திரும்பத் திரும்ப அரிக்கிறது

கதவுக்கு வருகிறேன் என்றேனே. கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறுவதற்குக் கதவின் அடி ஓரத்தில் சிறிய துவாரங்கள் விட்டிருப்பார்கள். தோட்டத்துச் செம்மண் சேறும், சருகும், முன்பு யாரோ பூசிய புட்டியும் அவற்றை அடைத்திருக்கும். உட்பக்க அட்டையைக் கழற்றி, ஒரு போத்தல் தண்ணீரை மேலிருந்து ஊற்றுங்கள். கீழே உடனே ஒழுக வேண்டும். ஒழுகவில்லை என்றால் ஒரு கம்பியால் குத்தித் திறந்து, சேற்றைக் கழுவி, இரண்டு மூன்று நாள் உள்ளே நன்றாகக் காயவிட்டு, அடி ஓரத்தில் மெழுகு கலந்த துருத் தடுப்பு எண்ணெயை உள்ளிருந்து அடியுங்கள். இதையெல்லாம் வெளியே புட்டி வைத்துப் பெயிண்ட் முடித்த பிறகு செய்யுங்கள், முதலில் எண்ணெய் அடித்தால் அது மடிப்பு வழியாகக் கசிந்து வந்து புட்டியைப் பிடிக்க விடாது.

முச்சக்கரவண்டியின் தரையில் இதே வேலையை விரிப்பு செய்கிறது. ஏறுபவர்களின் ஈரச் செருப்பும் சொட்டும் குடையும் விரிப்பின் அடியில் தண்ணீரை நிறுத்தி வைக்கும், மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும். எங்கள் வீட்டு வண்டியில் இப்போது ஒவ்வொரு இரவும் விரிப்பைத் தூக்கிச் சீட்டின் மேல் போட்டுவிட்டுத்தான் வருகிறோம். அந்தத் தரையில் எபொக்சி வைத்து மூன்று மழைக்காலம் ஆகிறது, போன வாரமும் டோர்ச் அடித்துப் பார்த்தேன், ஓரம் எங்கும் எழும்பவில்லை.